லாலிக் மீன் வாங்குவதற்கு முன்: ‘ஆர்’ எழுத்தை நம்பி 900 யூரோ போனது

பழைய கார்களின் ரேடியேட்டர் மூடிமேல் நிற்குமே, கண்ணாடிச் சின்னங்கள்! அவற்றைச் சேர்க்கத் தொடங்கியிருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள்.

பிரெஞ்சுக் கண்ணாடிக் கலைஞர் ரெனே லாலிக் 1929-இல் கொண்டுவந்த ‘பெர்ஷ்’ மீன்மேல் எனக்குப் பல வருட ஆசை. போன மாதம் பாரிஸில் ஒரு பழம்பொருள் வியாபாரியிடம் அது கண்ணில் பட்டது. அடியில் ‘ஆர். லாலிக்’ என்று இருந்தது. “போருக்கு முந்தையது” என்று உறுதியாகச் சொன்னார். 900 யூரோ கொடுத்தேன்.

அந்த ‘ஆர்’தான் விலையே. 1945-இல் ரெனே இறந்தபின் நிறுவனம் அந்த எழுத்தை விட்டுவிட்டு ‘லாலிக் பிரான்ஸ்’ என்று பொறிக்கத் தொடங்கியது. பெர்ஷ் போன்ற சில உருவங்கள் பிறகும் தயாராகின. அவையும் அசல் லாலிக்தான், அழகானவைதான். ஆனால் விலை மிகக் குறைவு.

வீட்டில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். போருக்கு முந்தைய கார் சின்னங்களில் பெயர் பெரும்பாலும் அச்சிலேயே வார்க்கப்பட்டிருக்கும். எழுத்தின் விளிம்பு மழுங்கலாக, கண்ணாடியோடு கண்ணாடியாக இருக்கும். என்னுடையதில் ‘லாலிக்’ சாய்வாகக் கீறிய எழுத்து. முன்னால் இருந்த ‘ஆர்’ மட்டும் வெள்ளை வெளேரென்று, நேற்றுக் கீறியது போல. பின்னால் வெறும் இடம். விளக்கடியில் சாய்த்தபோது அங்கே ஒரு சின்னப் பள்ளம் தெரிந்தது. ‘பிரான்ஸ்’ என்ற சொல்லைத் தேய்த்து எடுத்திருக்கிறார்கள். எனக்கு வயிறு எரிந்துவிட்டது.

திரும்பப் போய்க் கேட்டால், “விற்றது விற்றதுதான்” என்கிறார். ரசீதில் ‘கண்ணாடி மீன்’ என்று மட்டும் எழுதியிருக்கிறது. நான் கோட்டை விட்டது இங்கேதான். பிரான்சில் 1981-ஆம் ஆண்டு ஆணை ஒன்று இருக்கிறது: சேகரிப்புப் பொருளின் தன்மை, பூர்வீகம், காலம் பற்றி விற்பவர் வாயால் சொன்னதை, நாம் கேட்டால் ரசீதில் எழுதித் தந்தாக வேண்டும். கேளுங்கள். எழுதத் தயங்கினால் பணத்தை எடுக்காதீர்கள்.

இன்னொன்று. அந்த வியாபாரியின் அலமாரியில் அடர் ஊதா நிறத்தில் ஒரு கழுகுத் தலையும் இருக்கிறது, இரண்டு மடங்கு விலைக்கு. மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடி பல வருடம் வெயில் பட்டால் லேசாக ஊதா ஏறும், உண்மைதான். ஆனால் கதிர்வீச்சில் வைத்து அந்த நிறத்தைச் சீக்கிரமே அடர்த்தியாக ஏற்றிவிட முடியும். நேற்றும் அது அங்கேதான் இருந்தது.