இ-லெத்ர் ரூஜ்: மஞ்சள் ரயில் போன இடத்தில் வந்த சேவை

பாரிசில் தமிழ்ச் சான்றிதழ்களைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்துத் தருவது என் தொழில். மேல்முறையீட்டு நீதிமன்றப் பட்டியலில் இருக்கும் மொழிபெயர்ப்பாளர் என்பதால், நான் தரும் ஒவ்வொரு தாளிலும் என் முத்திரையும் பேனாக் கையெழுத்தும் இருந்தாக வேண்டும். புதுச்சேரிப் பிறப்புச் சான்றிதழ், யாழ்ப்பாணத்துத் திருமணப் பதிவு என்று தினமும் ஏதாவது மேசைக்கு வரும். லியோன், அவிஞோன், மார்செய்யில் இருப்பவர்களுக்கு முடித்ததைத் தபாலில் அனுப்புகிறேன். அவர்களில் பலர் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, சிவப்புக் கடிதத்தில் போட்டால் நாளைக்கே வந்துவிடுமா?"

பிரான்சின் தபால் நிறுவனமான லா போஸ்த், மறுநாளே கடிதம் சேர்த்த சிவப்புத் தபால்தலையை 2023 ஜனவரி 1 முதல் நிறுத்திவிட்டு, அதன் இடத்தில் கொண்டுவந்ததுதான் இ-லெத்ர் ரூஜ். இரவு 8 மணிக்குள் அவர்கள் இணையதளத்தில் கடிதத்தை ஏற்ற வேண்டும். பெறுபவர் ஊருக்கு அருகில் அதை அச்சடித்து, உறையிலிட்டு, மறுநாள் தபால்காரர் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள். கணினி இல்லாதவர்கள் தபால் நிலையத்துக்கே தாளைக் கொண்டுபோய் ஸ்கேன் செய்துகொள்ளலாம். தொடங்கியபோது மூன்று தாள் வரை 1.49 யூரோ. வழக்கறிஞருக்கு ஒரு விளக்கக் கடிதம், வாடகை வீட்டைக் காலி செய்யும் அறிவிப்பின் நகல், வர முடியாத துக்க வீட்டுக்கு நாலு வரி என்றால் தயங்காமல் பயன்படுத்துங்கள். நானும் பயன்படுத்துகிறேன்.

ஆனால் என் முத்திரைத் தாள் அதில் போகாது. போவது அதன் படம் மட்டும். பிரெபெக்சர் என்ற மாவட்ட அரசு அலுவலகத்தில் மூலத்தைக் கேட்கும்போது அந்த அச்சுத்தாளை நீட்ட முடியாது.

மூலத்தாளே இரவோடு இரவாகத் தெற்கே போன காலம் ஒன்று இருந்தது. 1984-ல் ஓடத் தொடங்கிய மஞ்சள் நிறத் தபால் டிஜிவியை, அதாவது பிரான்சின் அதிவேக ரயிலின் தபால் வடிவத்தைத்தான் சொல்கிறேன். அந்நாளில் பாரிஸ்–லியோன் அதிவேகப் பாதையில் ஆட்களை ஏற்றிப் போன ஆரஞ்சு வண்டியின் கூடப்பிறந்தது அது. சன்னலோ இருக்கையோ கிடையாது. பக்கவாட்டில் அகலமான கதவுகள், உள்ளே சக்கரம் வைத்த கூண்டுகளில் கடிதக் கட்டுகள். வேகம் மணிக்கு 270 கிலோமீட்டர். உலகில் வேறெந்தச் சரக்கு ரயிலும் அன்று அந்த வேகத்தில் ஓடவில்லை. பாரிசின் லியோன் ரயில் நிலையத்துக்கு அருகே ஷரொலேயில் ஏற்றி, லியோன் பக்கத்துக் கடிதங்களை மாக்கோனில் இறக்குவார்கள். ப்ரொவான்ஸ் கடிதங்கள் இன்னும் தெற்கே கவாயோன் வரை போகும். முலாம்பழத்துக்குப் பேர்போன சிற்றூர் அது.

தபாலுக்கு எதற்கு அவ்வளவு வேகம் என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. மாலையில் பெட்டிகளைத் திறந்து எடுத்த கடிதம் பிரிக்கப்பட்டு, விடிவதற்குள் மறுமுனையில் இருக்கும் பிரிப்பு மையத்தைத் தொட வேண்டும். பாரிசிலிருந்து கவாயோன் சுமார் 700 கிலோமீட்டர். பிரான்சின் நெடுஞ்சாலையில் கனரக லாரிக்கு 90 கிலோமீட்டர்தான் உச்சம், இடையில் ஓட்டுநருக்குக் கட்டாய ஓய்வு வேறு. போதாததற்கு, அதிவேகத் தண்டவாளங்களை நள்ளிரவுக்குப் பிறகு பராமரிப்புக்கு மூடிவிடுவார்கள். கைக்குக் கிடைக்கும் அந்தச் சில மணி நேரத்துக்குள் வேலையை முடிக்க 270 தேவைப்பட்டது. லா போஸ்த் இதற்காக ரயில்களைத் தன் சொந்தப் பணத்தில் வாங்கியது. ஒரு தபால் துறை தன் வாக்குறுதியை அவ்வளவு பெரிதாக மதித்தது என்பதை இன்றும் வியந்து பார்க்கிறேன்.

ரயிலில் பழுது ஒன்றும் இல்லை, கடிதங்கள்தான் வற்றிப்போயின. 2008-ல் 450 கோடி அவசரக் கடிதங்கள் போன நாட்டில் 2021-ல் 27.5 கோடிதான். ஒரு குடும்பம் 2010-ல் ஆண்டுக்கு 45 அனுப்பியது, 2021-ல் ஐந்து. இதற்கு நடுவே 2011 அக்டோபரில் இரண்டு நாளில் சேரும் பச்சைத் தபால்தலை மலிவாக வந்தது. அவசரமில்லாதவர்கள் அதற்கு மாறினார்கள், மறுநாளே சேர வேண்டிய சுமை இன்னும் குறைந்தது. சாமானியக் கட்டுகளுக்கு லாரியும் மெதுவான சரக்கு ரயிலும் போதும். 2015 ஜூன் கடைசியில் மஞ்சள் ரயில் நின்றுவிட்டது.

இவ்வளவு குறைந்த கடிதங்களுக்குத் தனி ரயில் ஓட்ட முடியாது என்ற வாதத்தை நான் ஏற்கிறேன். ஏற்க முடியாதது, அந்த ரயிலுக்குக் கடிதத்தைத் தவிர வேறு சுமை தேடாமல் விட்டதுதான். இணையக் கடைகளின் பார்சல்கள் பெருகிக்கொண்டிருந்த ஆண்டுகள் அவை. விமானச் சரக்கை அதிவேகத் தண்டவாளத்துக்குக் கொண்டுவர நினைத்த யூரோ கேரெக்ஸ் திட்டத்துக்காக, 2012 மார்ச்சில் இதே மஞ்சள் வண்டி ஒன்று லியோனிலிருந்து ஆங்கிலக் கால்வாய்க்கு அடியில் போகும் சுரங்கம் வழியாக லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் வரை போய் நின்றது. முடியும் என்று காட்டிய பிறகும் யாரும் புதிய ரயில்களில் பணம் போடவில்லை. அன்று ஒருவர் துணிந்திருந்தால் கடிதங்களும் பார்சலோடு சேர்ந்து இன்றும் போயிருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இப்போது என்ன செய்யலாம்? பச்சைத் தபால்தலைக்கு இன்று மூன்று நாள் கணக்கு. 2023-ல் 2.95 யூரோவுக்கு அறிமுகமான 'லெத்ர் செர்வீஸ் ப்ளூஸ்' இரண்டு நாளில் சேர்க்கும், எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளவும் முடியும். முத்திரைத் தாளுக்கு நான் சிபாரிசு செய்வது இதைத்தான். கையொப்பம் வாங்கிக் கொடுக்க வேண்டியதென்றால் பதிவுத் தபால். இ-லெத்ர் ரூஜுக்கு, எழுதிய செய்தியை மட்டும் அனுப்புகிறவர் என்றால் ஐந்துக்கு நான்கு தருவேன். தாளே முக்கியம் என்றால் பூஜ்யம்.

தெற்கே இருப்பவர்கள் பிரெபெக்சர் தேதி கையில் கிடைத்த அன்றே எனக்குச் சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பை ஒரே இரவில் முடித்துத் தர என்னால் முடியும். தாள் உங்களிடம் வந்துசேர அதற்குமேல் நாள் பிடிக்கும்.