வீட்டிலேயே கல்யாணப் பொக்கே: கைக்கட்டா, ஃபோமா, நெட்டிப்பூவா?

சர்ச் கல்யாணத்துக்கு மணப்பெண் கையில் பிடிக்கும் பொக்கேயை வீட்டிலேயே கட்ட நினைத்தால் மூன்று வழிகள் இருக்கின்றன. நீளக் காம்புப் பூக்களைக் கையாலேயே சேர்த்துக் கட்டலாம். ஈர ஃபோம் (தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளும் பஞ்சு போன்ற கட்டி) வைத்த பிளாஸ்டிக் பிடி வாங்கி அதில் பூக்களைக் குத்தலாம். இல்லையென்றால் துணிப்பூ, தக்கைத் தண்டைச் சீவிச் செய்யும் நெட்டிப்பூ என்று வாடாத பூவில் முன்கூட்டியே செய்து வைத்துவிடலாம். முதல் தடவையாகக் கட்டுபவருக்கு நான் சொல்வது கைக்கட்டுதான்.

ஃபோமின் பலம், பூவுக்குக் கடைசிவரை தண்ணீர் கிடைப்பது. காம்பு குட்டையாக இருந்தாலும் நிற்கும். கீழே அருவிபோல இறங்கும் வடிவம் வேண்டுமென்றால் இதுதான் வசதி. ஆனால் ஃபோமைத் தண்ணீரில் அமுக்கக்கூடாது, அது தானாகவே மூழ்க வேண்டும். அமுக்கினால் உள்ளே காற்று சிக்கி நடுப்பகுதி காய்ந்தே கிடக்கும், அங்கே குத்திய பூ முதலில் வாடும். ஒரு முறை குத்திய காம்பை உருவி மறுபடி அதே துளையில் வைத்தாலும் தண்ணீர் ஏறாது. கை பழகாதவருக்கு இது பெரிய சிக்கல். அதைவிட என்னை யோசிக்க வைப்பது சொட்டுகிற தண்ணீர். நம் பெண்கள் பெரும்பாலும் பட்டுச்சேலையில் வருகிறார்கள், பட்டில் தண்ணீர் பட்டால் கறை தெரியும். ஆராதனை முடியும்வரை அந்த ஈர எடையைக் கையில் தாங்கவும் வேண்டும். மக்காத பிளாஸ்டிக் வகைப் பொருள் என்பது இன்னொரு வருத்தம்.

கைக்கட்டுக்கு ஒரு கட்டு ரோஜாவும், இடையில் நிரப்பக் கொஞ்சம் ஜிப்சி என்ற பொடி வெள்ளைப் பூவும் போதும். பொக்கே ரோஜா பொதுவாக 20 காம்புக் கட்டாக வரும். பூச்சந்தையில் எடை போட்டுக் கொடுக்கும் உதிரி ரோஜா இதற்கு உதவாது. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக்குடிலில் வளர்த்த நீளக் காம்பு ரோஜா என்று கேட்டு வாங்குங்கள். மொட்டின் அடிப்பக்கத்தை விரலால் லேசாக அழுத்திப் பாருங்கள், கெட்டியாக இருந்தால் புதுசு. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு வாங்கினால் அளவாக விரியும்.

வந்ததும் கீழ் இலைகளை உருவிவிட்டு, காம்பு நுனியைத் தண்ணீருக்குள் வைத்தே சாய்வாக வெட்டி, வாளித் தண்ணீரில் நிறுத்துங்கள். தலை தொங்கிய ரோஜாவைத் தூக்கிப் போட வேண்டாம். பெரும்பாலும் காம்புக்குள் காற்று அடைத்திருக்கும். மறுபடி வெட்டிக் கழுத்துவரை தண்ணீரில் சில மணி நேரம் வைத்தால் பல நேரம் நிமிர்ந்துவிடும்.

கட்டும் முறை இதுதான். நடுப்பூவை இடது கையில் பிடியுங்கள். அடுத்த காம்பை அதன்மேல் சாய்த்து வையுங்கள். அடுத்ததும் அதே பக்கம் சாயட்டும், அப்புறம் மொத்தக் கட்டையும் லேசாகத் திருப்பி அடுத்த பூவைச் சேருங்கள். எல்லாக் காம்பும் ஒரே திசையில் சாய்ந்தால் பூத்தலைகள் தானாக வட்டமாக விரியும். ஒரே ஒரு காம்பு எதிர்ப்பக்கம் போனாலும் அந்த இடம் பிதுங்கும், அப்போது தயங்காமல் பிரித்துக் கட்டலாம். ஃபோமில் கிடைக்காத சலுகை இது! நடுவில் சணல் கயிற்றால் இறுக்கி, காம்பு நுனியைச் சமமாக வெட்டி, கிளம்பும்வரை டம்ளர் தண்ணீரில் வையுங்கள். துடைத்து ரிப்பன் சுற்றுவது கடைசி வேலை.

எந்தப் பூ என்றால், ரோஜாவோடு கார்னேஷன் சேர்ப்பது எனக்குப் பிடிக்கும். நீலகிரியில் விளைகிறது, நாள்பட நிற்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: பழம் இருக்கும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள். பழம் விடும் எத்திலீன் வாயு பட்டால் கார்னேஷன் இதழ் உள்பக்கம் சுருண்டு மூடிக்கொள்ளும். லில்லி வைத்தால் நடுவிலுள்ள மகரந்தப் பைகளைக் கிள்ளிவிடுங்கள், அந்தப் பொடி வெள்ளைச் சேலையில் ஒட்டினால் லேசில் போகாது. சம்பங்கி வாசனைக்கு ஒன்றிரண்டு காம்பு போதும்.

நெட்டி, துணிப்பூ இரண்டில் நான் நெட்டியைத்தான் தேர்ந்தெடுப்பேன். 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலைக்கு எடுக்கும் அதே வகைத் தக்கைத் தண்டிலிருந்து சீவிச் செய்கிற பூ, கடையில் சோலா பூ என்று கேட்டால் கிடைக்கும். மங்கிய வெள்ளை நிறமும் மெல்லிய இதழும் பக்கத்தில் பார்த்தாலும் அழகு. காய்ந்து நொறுங்காமலிருக்கக் கிளிசரின் கலந்த தண்ணீரை லேசாகத் தெளிப்பார்கள். மாதக் கணக்கில் முன்பே செய்துவிடலாம் என்பதால், மே மாத வெயிலில் வெளியூர்க் கல்யாணம் என்றால் கைக்கட்டை விட்டு இதற்கே போங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலத்தில் பல சபைகளில் கல்யாணம் வைப்பதில்லை; அது முடிந்ததும் வரும் முகூர்த்தங்களில் பூ விலையும் ஏறும்.

எதைக் கட்டினாலும் அளவைக் குறைத்தே கட்டுங்கள். தாலி கட்டும்போதும் மாலை மாற்றும்போதும் பொக்கே தோழியின் கைக்குப் போய்த் திரும்பும். ரிப்பனில் குத்தும் குண்டூசிகளின் முனை காம்புக்குள் மேல்நோக்கிப் போகட்டும், வெளியே நீட்டினால் வாங்குபவர் விரலில் குத்தும்.