தூரிகையா, பேனாவா: சீன எழுத்துக்கலையில் எதை முதலில் கையில் எடுப்பது?

சீனாவில் எழுத்துக்கலையை இரண்டாகப் பிரித்துப் பேசுவார்கள். மாவோபி என்றால் விலங்கின் முடியில் கட்டிய தூரிகை. யிங்பி என்றால் கடின முனை: மைப்பேனா, ஜெல் பேனா, பென்சில் எல்லாம் இதில் அடக்கம். தூரிகை ஈராயிரம் ஆண்டுக்கும் மேல் பழையது. பேனா எழுத்து ஒரு கலையாக வீடுதோறும் பரவியதோ 1980களில், பேனா எழுத்துக் கலைஞர் பாங் ஜோங்ஹுவாவின், பார்த்து எழுதும் மாதிரி ஏடுகளால்.

இரண்டுக்கும் கோட்டு வரிசை, இடைவெளி, விகிதம் ஒன்றுதான். வேறுபாடு முனையில் இருக்கிறது. பேனா தாளின் மேல் ஓடும். தூரிகை ஓடுவதோடு ஏறி இறங்கவும் செய்யும். அழுத்தினால் கோடு தடிக்கும், தூக்கினால் மெலியும்.

'பெரிய' என்று பொருள்படும் 'தா' எழுத்தின் வலது காலைப் பாருங்கள். தூரிகையில் அதை மெலிதாகத் தொடங்கி, சரியச் சரிய அழுத்தம் கூட்டி, பாதம் வந்ததும் ஒரு நொடி நின்று, பிறகு வலப்பக்கம் இழுத்துக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாகத் தூக்க வேண்டும். நிற்காமல் போனால் பாதம் மழுங்கிவிடும். வெடுக்கென்று தூக்கினால் முடி பிரிந்து, முனை கிழிந்த துணி மாதிரி ஆகும். பேனாவில் இதே கால் ஏறக்குறைய ஒரே தடிமனில் வரும். கடைசியில் கையைத் தளர்த்தி வீசினால் நுனி கூராகும், அவ்வளவுதான். முனை வளைத்த பேனாவால் தடிமன் மாற்றலாமே என்பார்கள். பாதிக் கிணறு தாண்டுகிற கதை அது: தடிமன் பேனாவைச் சாய்க்கும் கோணத்தில் வருகிறதே தவிர அழுத்தத்தில் வருவதில்லை.

ஆனால் எழுத்தின் கட்டமைப்பைப் படிக்கப் பேனாதான் மேல். தூரிகையில் கோடு கோணினால் தப்பு கையிலா, மையிலா, முடியிலா என்று பிடிபடாது. பேனாவில் தப்பு கண்ணிலோ கையிலோதான். பள்ளிகளுக்கான 2013ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் முதல் இரண்டு வகுப்புக்குப் பென்சில், மூன்றாம் வகுப்பில் தூரிகை என்றுதான் வரிசை வைக்கிறது.

பேனாக்காரர்கள் பார்த்து எழுதும் மாதிரியைத் தேர்வதில் சறுக்குகிறார்கள். டாங் வம்சக் காலக் கலைஞர் யான் ஜென்சிங்கின் பருத்த தூரிகை எழுத்தைப் பேனாவில் பார்த்து எழுதினால் அதன் அழகான தடிமன் போய் எலும்புக்கூடு மிஞ்சும். சியாவ்காய் எனும் சிறு எழுத்து 1–2 செ.மீ. அளவுதான், மிங் வம்சக் காலக் கலைஞர் வென் ஜெங்மிங்கின் சிறு எழுத்து பேனாவுக்கு நன்றாகப் பொருந்தும்.

பேனாவிலிருந்து தூரிகைக்கு வருபவர்களிடம் ஒரு பழக்கம் ஒட்டிக்கொண்டே வரும்: தண்டைச் சாய்த்து விரலை அசைப்பது. சாய்ந்தால் முடியின் நுனி கோட்டின் ஓரத்தில் ஓடும். ஒரு விளிம்பு வழவழப்பாகவும் மறு விளிம்பு பிசிறாகவும் வரும். தண்டை நிமிர்த்தி, விரலை அசைக்காமல், மணிக்கட்டையும் முழங்கையையும் நகர்த்துங்கள். நுனி கோட்டின் நடுவில் ஓடும்.

முதல் தூரிகைக்கு வெறும் ஆட்டுமுடி வேண்டாம். தொய்ந்துபோய்த் திரும்ப நிமிராது. கலப்பு முடி, சுமார் 4 செ.மீ. நீளம், 7–10 செ.மீ. எழுத்துக்கு. புதுத் தூரிகையின் முடி பசையில் விறைத்திருக்கும். விரலால் நசுக்காமல் தண்ணீரில் ஊறவிட்டுப் பிரியுங்கள். வெந்நீர் ஆகாது, முடியைக் கட்டிய அடிப்பசை இளகி முடி கொட்டும். எழுதி முடித்ததும் வேர்வரை கழுவி நுனி கீழ்நோக்கத் தொங்கவிடுங்கள். வேரில் மை காய்ந்தால் வயிறு புடைத்து நுனி இரண்டாகப் பிளக்கும். தாளும் முக்கியம். சுவான் என்னும் சீனத் தூரிகைத் தாள், பதப்படுத்தாததாக இருந்தால், மையைச் சட்டென்று உறிஞ்சும். தயங்கினால் எழுத்து குளமாகிவிடும். பழகும்வரை கட்டம் போட்ட மூங்கில் தாள் போதும், அடியில் கம்பளி விரிப்போடு. பேனாவுக்கு நான்கைந்து தாளை அடியில் அடுக்கினாலே முனை வழுக்காது.

தூரிகை மையை மட்டும் மைப்பேனாவில் ஊற்றாதீர்கள். அதில் பசை இருக்கிறது. மை இறங்கும் வழியில் காய்ந்து அடைத்தால் பேனாவை மீட்பது பெரும்பாடு.