வாழ்க்கைத் திறனுக்கு எது சரி: தனிப் பீரியடா, பாடத்தோடு சேர்த்தா, பயிற்சியாளரா, களப்பணியா?

கடலூரில் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு க்ளாஸ் டீச்சரும் நான்தான். போன வருடம் ஒரு பையன் இரண்டு வாரமாக வரவில்லை. வீட்டுக்குப் போய் விசாரித்தேன். போனில் ஏதோ விளையாடி அம்மா சேர்த்து வைத்திருந்த பணத்தில் கொஞ்சம் போய்விட்டது. திட்டு விழும் என்பது அவனுக்குத் தெரியும். பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்றுதான் தெரியவில்லை. அன்றிலிருந்து, இதையெல்லாம் பள்ளியில் எப்படிக் கற்றுக்கொடுப்பது என்ற கேள்வி என்னை விடவில்லை.

உலக சுகாதார நிறுவனம் 1990களிலேயே பத்து வாழ்க்கைத் திறன்களை அடிப்படையானவை என்று சொல்லிவிட்டது. தன்னை அறிவது, முடிவெடுப்பது, கோபத்தையும் மன அழுத்தத்தையும் கையாள்வது, தெளிவாகப் பேசுவது எல்லாம் அதில் உண்டு. எதைக் கற்றுக்கொடுப்பது என்பதில் பெரிய சண்டை இல்லை. எந்த நேரத்தில், யார், எப்படி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நான் பார்த்த வரையில் வழிகள் நான்கு.

முதலில், வெளியிலிருந்து பயிற்சியாளரை அழைப்பது. முந்நூறு பிள்ளைகளை ஹாலில் உட்கார வைத்து, மைக் பிடித்துத் தன்னம்பிக்கை பற்றி இரண்டு மணி நேரம் பேசுவார். கைதட்டல் பலமாக இருக்கும். மறுநாள் காலை யாருக்கு என்ன மாறியது என்று கேட்டால் பதில் இருக்காது. பேசியவருக்கு ஒரு பிள்ளையின் பெயர்கூடத் தெரியாதே! சைபர் கிரைம் போலீசாரோ தீயணைப்புத் துறையினரோ வந்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனால் அது வேறு. ஆன்லைனில் பணம் பறிபோனால் 1930க்கும், பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1098க்கும் போன் செய்ய வேண்டும். இவை மனதில் நிற்கும்.

அடுத்தது, பாடத்துக்குள்ளேயே கொண்டுவருவது. இது எனக்குப் பிடித்த வழி. தனி வட்டி நடத்தும்போது புத்தகக் கணக்கோடு, தினமும் வசூலிக்கும் தண்டல் கடன் கணக்கையும் போடுவேன். கையில் வருவது 8,500 ரூபாய். தினம் 100 ரூபாய் வீதம் 100 நாளில் கட்டுவது 10,000. நூறு நாளுக்கே வட்டி 17.6 சதவீதம். வருடக் கணக்குக்கு மாற்றினால் 64ஐத் தாண்டும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால் உண்மையான வட்டி அதற்கும் மேலே போகும். இந்தக் கணக்கு போட்ட அன்று வகுப்பே அமைதியாகிவிட்டது. பாதிப் பேர் வீட்டில் தண்டல்காரர் வருகிறார். ஒரு பெண் நோட்டைக் கொண்டுபோய் அம்மாவிடம் காட்டியிருக்கிறாள். முடிவெடுக்கும் திறனை இதைவிட நேராகக் கற்றுக்கொடுக்க எனக்கு வழி தெரியவில்லை. ஆனால் இதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. கூட்டாளி சிகரெட்டை நீட்டும்போது வேண்டாம் என்று சொல்லிப் பழகுவதை எந்தக் கணக்குக்குள் வைப்பது? அந்தப் பையன் வீட்டில் பேச்சை ஆரம்பிக்க முடியாமல் தவித்ததை எந்தப் பாடத்துக்குள் வைப்பது?

அதற்குத்தான் மூன்றாவது வழியான தனிப் பீரியட். மத்திய அரசு 2020 பிப்ரவரியில் தொடங்கிய பள்ளி சுகாதாரத் திட்டத்தில் இதற்கு ஒரு நல்ல வடிவம் இருக்கிறது. பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள், ஓர் ஆண், ஒரு பெண். வாரம் ஒரு வகுப்பு, 11 தலைப்புகள். பெண் பிள்ளைகள் ஆண் ஆசிரியரிடம் கேட்கத் தயங்குவதைக் கேட்க ஒரு டீச்சர் இருப்பது பெரிய விஷயம். பாண்டிச்சேரியில் அரசுப் பள்ளிகள் 2023இல் தொடங்கி சி.பி.எஸ்.இ.க்கு மாறிவிட்டன. அங்கே டீச்சராக இருக்கும் என் அக்காவிடம் கேட்டேன். "டைம்டேபிளில் போட்டால் மட்டும் போதுமா? போர்ஷன் முடியவில்லை என்று முதலில் பறிபோவது அந்தப் பீரியட்தானேடி" என்றாள். எங்கள் பக்கமும் அதே கதைதான். நீதி போதனை பீரியட் இருக்கும், உள்ளே அறிவியல் நடக்கும். சரி, மார்க் வைத்தால் மதிப்பு வருமா? அதையும் செய்து பார்த்தார்கள். 2009இல் சி.பி.எஸ்.இ. கொண்டுவந்த தொடர் மதிப்பீட்டில் வாழ்க்கைத் திறனுக்கும் கிரேடு உண்டு. 2017இல் அந்த முறையே போய்விட்டது. மனம் திறந்து பேச வேண்டிய வகுப்பில் கிரேடு வந்தால், டீச்சருக்குப் பிடித்த பதிலைத்தான் பிள்ளைகள் சொல்வார்கள்.

நான்காவது, பொறுப்பைக் கையில் கொடுத்துப் பழக்குவது. ஜே.ஆர்.சி. என்ற இளம் செஞ்சிலுவைச் சங்கம், மேல்நிலையில் என்.எஸ்.எஸ். என்ற நாட்டு நலப்பணித் திட்டம், தமிழ்நாட்டில் 2024 நவம்பரில் வந்த மகிழ் முற்றம் எல்லாம் இந்த வகை. மகிழ் முற்றத்தில் பிள்ளைகளைக் குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து குழுக்களாகப் பிரிப்பார்கள். 2004 சுனாமி, 2011 தானே புயல், 2024 டிசம்பரில் தென்பெண்ணை வெள்ளம் என்று அடிபட்ட ஊர் இது. இங்கே பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் கட்டாயம் வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு புத்தகம் நனைந்துபோனவர்கள் யார் யார் என்று எங்கள் பிள்ளைகளே பட்டியல் எடுத்தார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பெயர்கூட விட்டுப்போகவில்லை. குறை என்னவென்றால், முன்னால் வந்து நிற்கும் அதே பத்துப் பேருக்கே வாய்ப்பு போகிறது. கடைசி பெஞ்சில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பவனுக்குப் போவதில்லை. ஏழு நாள் என்.எஸ்.எஸ். முகாமும் பதினொன்றாம் வகுப்பிலிருந்துதான்.

பாண்டிச்சேரியில் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்துக் கல்வி மையத்தையும் சிலர் சொல்வார்கள். 1943இல் பள்ளியாகத் தொடங்கிய அங்கே பட்டமோ டிப்ளமாவோ கொடுப்பதில்லை. நல்ல முயற்சிதான். ஆனால் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை நம்பி இருக்கும் மீனவர் வீட்டுப் பிள்ளைக்கு அந்தப் பாதையைக் காட்ட என்னால் முடியாது.

ஒன்றுதான் எடுக்கலாம் என்றால் நான் தனிப் பீரியடைத்தான் எடுப்பேன். அதை க்ளாஸ் டீச்சரே எடுக்க வேண்டும். பிள்ளையின் வீடு, அப்பாவின் வேலை, யாரோடு சண்டை என்பதெல்லாம் தெரிந்தவர் அவர்தான். பொறுப்புகளை வருகைப் பதிவேட்டு வரிசைப்படி மாற்றிக்கொண்டே வந்தால் நான்காவது வழியின் குறையும் தீரும். தண்டல் கணக்கு எப்படியும் என் வகுப்பில் தொடரும்.

இந்த வருடம் ஹெச்.எம்.மிடம் கேட்டு செவ்வாய் மூன்றாம் பீரியடை வாங்கியிருக்கிறேன். வெள்ளி கடைசிப் பீரியட் வேண்டாம் என்று பிடிவாதமாகச் சொன்னேன், ஸ்பெஷல் கிளாஸுக்கு முதலில் போவது அதுதான். வேப்பமரத்தடியில் வட்டமாக உட்காருகிறோம். பெயர் எழுதாத கேள்விச் சீட்டுகளை ஒரு டப்பாவில் போடுகிறார்கள். போன வாரம் வந்த ஒரு சீட்டில், "அப்பாவிடம் கெட்ட செய்தியை எப்படிச் சொல்வது?" என்று இருந்தது. அதையே நடித்துப் பார்த்தோம். அப்பாவாக நடிக்க நான்கு பேர் கை தூக்கினார்கள், மகனாக நடிக்க அந்தப் பையன் எழுந்து வந்தான்.