டெம்மி பக்கம் முழு அளவில் தெரிகிற லேப்டாப்

எனக்கு வேண்டிய லேப்டாப் எது என்பதைக் கடைக்காரர்களுக்குப் புரியவைப்பதே பெரும்பாடாகிவிட்டது. திரை பெரிதாக இருக்க வேண்டும். எழுத்து அச்சில் பார்ப்பதுபோல் கூர்மையாகத் தெரிய வேண்டும். மதுரை மாட்டுத்தாவணியில் கூட்டத்தோடு கூட்டமாக பஸ் ஏறி இறங்கினாலும் தோள்பட்டை கழலக் கூடாது. "பெரிய திரை என்றால் எடை இருக்கத்தான் செய்யும் அக்கா. எடை குறைவாக வேண்டுமென்றால் 13, 14 அங்குலத்தில் பாருங்கள்" என்று டவுன்ஹால் ரோட்டுக் கடை ஒன்றில் இருந்த தம்பி தீர்ப்புச் சொல்லிவிட்டார். இன்னொரு கடையில் கேம் விளையாடுகிறவர்களுக்கான 17 அங்குல லேப்டாப்பைத் தூக்கி வைத்தார்கள். அது இரண்டரை கிலோவுக்கு மேல், சார்ஜர் தனி. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு ரகம் இருக்கிறது. நம் ஊர்க் கடைகளின் முன்வரிசையில் அது அநேகமாக இருக்காது, கேட்டுத்தான் வாங்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

புத்தக வடிவமைப்பும் மெய்ப்புத் திருத்தமும் என் தொழில். வீடு திருநகரில். பதிப்பாளர்கள் பெரும்பாலும் சென்னையில், அச்சகம் சிவகாசியில். கோப்பு மின்னஞ்சலில் போய்விடும் என்றாலும், அட்டை ஓட்டும்போதும் முதல் ஃபாரம், அதாவது ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள், இறங்கும்போதும் இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால்தான் எனக்கு மனம் அடங்கும். கடைசி நேரத் திருத்தம் என்றால் அங்கேயே உட்கார்ந்து முடித்துக் கொடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் வீட்டு மின்விசிறி அனலைக் கொட்டும்போது, புது நத்தம் ரோட்டில் 2023இல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய்விடுவேன். ஆகவே, மேசையில் பெரிய மானிட்டரை நிறுத்திவைத்தால் போதும் என்கிற ஆலோசனை எனக்கு உதவாது. வேலை நடக்கும் இடத்துக்குத் திரையும் வர வேண்டும்.

திரையின் கூர்மையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் 'ஃபுல் எச்டி' என்கிற முத்திரையை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. திரையில் எத்தனை பிக்சல், அதாவது ஒளிப்புள்ளி, என்பதைவிட, ஓர் அங்குலத்துக்கு எத்தனை பிக்சல் என்பதுதான் கணக்கு. 15.6 அங்குலத் திரையில் 1366க்கு 768 என்றால் அங்குலத்துக்குச் சுமார் 100 பிக்சல். என் பழைய லேப்டாப் அந்த ரகம். அதே 15.6 அங்குலத்தில் ஃபுல் எச்டி, அதாவது 1920க்கு 1080, என்றால் 141. ஆனால் 17.3 அங்குலத்தில் அதே ஃபுல் எச்டியை விரித்தால் 127ஆக இறங்கிவிடும். பெரிய திரை வாங்கிவிட்டோம் என்று மகிழ்கிறோம், எழுத்தோ முன்பைவிடச் சொரசொரப்பாகிறது.

தமிழ் எழுத்துக்கு இது ஆங்கிலத்தைவிடப் பெரிய விஷயம். புத்தகத்தில் 11 பாயிண்ட் எழுத்து வைக்கிறோம் என்று கொள்ளுங்கள். 100 பிக்சல் திரையில் உண்மை அளவில் பார்த்தால் அந்த எழுத்தின் முழு உயரத்துக்கும் சுமார் 15 பிக்சல்தான். அதற்குள் க், ங், ச் எல்லாவற்றின் தலையிலும் புள்ளி உட்கார வேண்டும். அதற்குக் கிடைப்பது ஒரு பிக்சல், மிஞ்சினால் இரண்டு. ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் வித்தியாசம் ஒரு சிறு சுழிதான். கெடு, கேடு, பெறு, பேறு, கொடு, கோடு. இந்த இணைகளில் இரண்டுமே சரியான சொற்கள் என்பதால் எழுத்துப்பிழை திருத்தும் மென்பொருள் வாய் திறக்காது. கண்தான் பிடிக்க வேண்டும். மங்கலான திரையில் கண் பிடிக்க வேண்டுமென்றால் பக்கத்தை 200 சதவீதம் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்கினால் பக்கம் கண்ணை விட்டுப் போய்விடும். பத்தியின் கடைசி வரி மட்டும் அடுத்த பக்கத்தின் உச்சியில் அநாதையாகத் தொங்குவதும், சொற்களுக்கிடையில் வெள்ளை ஓடை இறங்குவதும் முழுப் பக்கத்தைப் பார்த்தால்தான் தெரியும். எழுத்தும் பக்கமும் ஒரே நேரத்தில் தெரிவது எனக்கு ஆடம்பரம் அல்ல, தொழிலே அதுதான்.

அடுத்தது திரையின் வடிவம். தமிழில் வருகிற நாவல், கட்டுரை நூல்களில் பெரும்பகுதி டெம்மி அளவு, அதாவது 5.5 அங்குல அகலம், 8.5 அங்குல உயரம். எதிரெதிர்ப் பக்கங்களைச் சேர்த்து வைத்தால் 11க்கு 8.5. இந்த ஒரு கணக்கை வைத்துக்கொண்டு நான் எல்லா லேப்டாப்பையும் அளந்தேன். 15.6 அங்குலம் என்று விற்பது மூலைக்கு மூலை அளவு. அகலமும் உயரமும் 16க்கு 9 என்கிற விகிதத்தில் உள்ள திரையில் உயரம் 7.6 அங்குலம்தான், டெம்மி பக்கம் முழுசாக நிற்காது. 16க்கு 10 விகிதத்தில் 16 அங்குலத் திரை என்றால் உயரம் கிட்டத்தட்ட 8.5, மெனுவுக்கு இடமில்லாமல் மயிரிழையில் தட்டிப்போகும். 17 அங்குலத்தில் 16க்கு 10 என்றால் உயரம் 9 அங்குலம், அகலம் 14.4. இரண்டு டெம்மி பக்கங்களும் உண்மை அளவில் உட்கார்ந்து, பக்கவாட்டில் கருவிப் பட்டைகளுக்கு மூன்று அங்குலத்துக்கு மேல் மிச்சமும் இருக்கும்.

கைக்கு வந்த பட்டியல் சிறியது. ஆப்பிள் மேக்புக் ஏர் 15, 2023 ஜூனில் ரூ.1,34,900 விலையில் இந்தியாவுக்கு வந்தது. எடை 1.51 கிலோ, திரை 2880க்கு 1864, அங்குலத்துக்கு 224 பிக்சல். எழுத்தின் அழகை மட்டும் கேட்டால் என் ஓட்டு அதற்குத்தான். 11 பாயிண்ட் எழுத்துக்கு 34 பிக்சல் கிடைக்கிறது, கொம்பின் சுழி தாளில் இருப்பதுபோலவே இருக்கிறது. ஆனால் திரை உயரம் 8.3 அங்குலம். உள்ளே விசிறி கிடையாது, சத்தமே வராது. அறை வெப்பம் 10 முதல் 35 டிகிரி வரை இருக்கும்போது பயன்படுத்தச் சொல்லி ஆப்பிள் தன் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறது. ஏசி அறையிலேயே வேலை செய்கிறவர்களுக்குக் கவலையில்லை. மதுரைக் கோடையில் 40 டிகிரியில் மொட்டைமாடி அறையில் உட்காருகிறவர்கள் இதையும் யோசிக்க வேண்டும். சாம்சங்கின் 16 அங்குல கேலக்ஸி புக் ப்ரோ வரிசையில் 2880க்கு 1800 அமோலெட் திரை இருக்கிறது. கறுப்பு என்றால் அதில் உண்மையான கறுப்பு. படம் பார்ப்பவர்களுக்கு விருந்து. நான் நாளெல்லாம் பார்ப்பது வெள்ளைத் தாளும் கறுப்பு எழுத்தும், அதைச் சுற்றி மாறாமல் நிற்கும் கருவிப் பட்டைகளும். அசையாத உருவம் நெடுநேரம் நிற்பது அந்த வகைத் திரைக்கு நல்லதில்லை என்பதால் விட்டுவிட்டேன்.

நான் வாங்கியது எல்ஜி கிராம் 17. எடை 1.35 கிலோ. திரை 2560க்கு 1600, அமோலெட் அல்லாத ஐபிஎஸ் வகை, அங்குலத்துக்கு 178 பிக்சல். 17 அங்குலத்தில் இந்த எடை எப்படி என்றால், உடல் முழுக்க மெக்னீசியக் கலவை, தனியாகக் கனமான கிராஃபிக்ஸ் அட்டையும் அதற்கான பெரிய குளிர்விப்பானும் இல்லை. கேம் லேப்டாப் கனப்பது அந்த இரண்டால்தான். புத்தக வடிவமைப்புக்கு அந்த அட்டை தேவையே இல்லை.

வாங்குமுன் ஒன்று செய்தேன், எல்லோரும் செய்ய வேண்டியது. நானே வடிவமைத்த ஒரு நூலின் பிடிஎஃப் கோப்பைப் பென்டிரைவில் கொண்டுபோனேன். கடைகளில் ஓடவிட்டிருக்கும் காட்சிப்படம் பூவும் அருவியுமாக எந்தத் திரையையும் அழகாகக் காட்டிவிடும், எழுத்தை வைத்துப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். பிடிஎஃப் திறக்கும் அக்ரோபாட்டில் 100 சதவீதம் என்று போட்டால் உண்மை அளவு வராது. பிரிஃபரன்சஸ், பேஜ் டிஸ்பிளே என்று போய், ரெசல்யூஷனில் அந்தத் திரையின் எண்ணை, இதற்கு 178, கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு அடிக்கோலைத் திரைமேல் வைத்து அளந்தேன். எட்டரை அங்குலம், அச்சுப் புத்தகத்தைப் பக்கத்தில் பிடித்தால் வரிக்கு வரி நேராக நின்றது. 'பேறு' என்ற சொல்லின் இரட்டைக் கொம்பில் இரண்டு சுழிகளும் கண்ணைச் சுருக்காமலே தெரிந்தன. கடைத் தம்பியும் குனிந்து பார்த்துவிட்டு, "இப்படி ஒருவரும் பார்த்ததில்லை அக்கா" என்றார். பிறகு லேப்டாப்பை வாசல் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னேன், தெரு வெளிச்சம் திரையில் விழுகிறதா என்று பார்க்க. மேட் பூச்சு உள்ள மாடல் அது, என் முகம் அதில் தெரியவில்லை. பளபளப்பான திரையை ஜன்னலோர பஸ் சீட்டில் வைத்து மெய்ப்புப் பார்க்க முடியாது.

தோளில் ஏற்றிய முதல் நாளே வித்தியாசம் தெரிந்தது. பழைய லேப்டாப் 2.3 கிலோ, அதோடு செங்கல்போல் ஒரு சார்ஜர். இதற்கு 65 வாட் யுஎஸ்பி-சி சார்ஜர் போதும், போனையும் அதிலேயே போட்டுக்கொள்ளலாம். பேட்டரி 80 வாட்-மணி. மேக்புக் ஏர் 15இல் இருப்பது 66.5. ஒளியை மட்டாக வைத்து மெய்ப்பு மட்டும் பார்த்தால், காலையில் நூலகத்தில் உட்கார்ந்து மாலை எழுந்திருக்கும்வரை பிளக் பாயிண்டைத் தேட வேண்டியதில்லை. சென்னைக்கு வைகை எக்ஸ்பிரஸில் போகும்போதும் அப்படித்தான். ஆனால் ரயில் இருக்கையில் 38 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒன்றை மடியில் விரிக்கும்போது பக்கத்துச் சீட்டுக்காரரின் முழங்கையோடு ஒரு சமரசம் தேவைப்படும். பஸ்ஸில் என்றால் விரிப்பதே சிரமம்.

எண் பலகை தனியாக இருப்பதால் எழுத்துப் பலகை இடப்பக்கம் ஒதுங்கியிருக்கிறது. தமிழ் 99 விசை அமைப்பில் வேகமாகத் தட்டுகிறவர்களுக்கு முதலில் விரல் தடுமாறும். பாயிண்ட் அளவும் வரி இடைவெளியும் ஓயாமல் எண்ணாகக் கொடுக்கிற எனக்கு எண் பலகை இல்லாமல் முடியாது.

நம் ஊர் டிடிபி கடைக்காரர்களுக்கு முக்கியமான ஒரு செய்தி. 2001இல் வந்த பேஜ்மேக்கர் 7 என்கிற பக்க வடிவமைப்பு மென்பொருளை இன்னும் எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள், யுனிகோடுக்கு முந்தைய பழைய எழுத்துருக்களில் செய்த கோப்புகளைத் திறப்பதற்காக. இவ்வளவு நெருக்கமான பிக்சல்களை நினைத்து எழுதிய மென்பொருள் அல்ல அது. மெனு எறும்பளவுக்குச் சுருங்கினால் பயப்பட வேண்டாம். அதன் ஐகானில் வலது கிளிக், பிராப்பர்டீஸ், கம்பாட்டிபிலிட்டி, அங்கே 'சேஞ்ச் ஹை டிபிஐ செட்டிங்ஸ்'. கீழே உள்ள கட்டத்தில் டிக் அடித்து 'சிஸ்டம்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மெனு படிக்கிற அளவுக்கு வந்துவிடும். எழுத்து சற்று மங்கும், ஆனால் பழைய கோப்பைத் திறந்து யுனிகோடுக்கு மாற்றி எடுக்க அது போதும். புதிய மென்பொருள்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, விண்டோஸில் 150 சதவீதம் வைத்தால் சரியாக இருக்கிறது.

வண்ணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இந்தத் திரை, சினிமாவுக்கென வகுத்த டிசிஐ-பி3 வண்ண வரம்பில் 99 சதவீதத்தைக் காட்டும் என்கிறது நிறுவனம். உண்மையிலேயே அழகுதான். அதற்காக அட்டையின் வண்ணத்தைத் திரையைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியில் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளில் வருகிறது. பளீரென்ற ஆரஞ்சும் கிளிப்பச்சையும் தாளில் இறங்கும்போது அடங்கித்தான் போகும். "அம்மா, திரையில் பார்த்த நிறத்தை எங்கள் மையிடம் கேட்காதீர்கள்" என்று சிவகாசி அண்ணாச்சி சொல்வது முழுக்கச் சரி. அட்டைக்கு அச்சு மாதிரியைக் கையில் வாங்கிப் பார்ப்பதை எந்த லேப்டாப் வந்தாலும் நான் விடப்போவதில்லை.

ரேம் மதர்போர்டிலேயே பற்றவைத்து வருகிறது, பிறகு கூட்ட முடியாது. ஆகவே 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள். சேமிப்புக்கு உள்ளே இரண்டு எஸ்எஸ்டி இடங்கள் இருப்பதால் அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மெல்லிய உடல் என்பதால் புத்தகக் கட்டுக்கு அடியில் திணிக்காமல் தனி அறை உள்ள பையில் வையுங்கள். 15.6 அங்குல லேப்டாப்புக்கான நல்ல பை எதிலும் பெரும்பாலும் நுழைந்துவிடும். விலை லட்சத்தைத் தாண்டும், அதில் ஜிஎஸ்டி 18 சதவீதம் அடக்கம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்கள் பில்லில் தங்கள் எண்ணைப் போடச் சொல்லுங்கள், உள்ளீட்டு வரி வரவாக எடுத்துக்கொள்ளலாம்.

கிரவுன் அளவுப் புத்தகங்கள் மட்டும் செய்கிறவர்களுக்கு 17 அங்குலம் தேவையில்லை. அதன் பக்க உயரம் ஏழேகால் அங்குலத்தை ஒட்டித்தான், 1.19 கிலோவுக்கு வருகிற எல்ஜி கிராம் 16 தாராளமாகப் போதும். ஏ4 அளவில் பத்திரிகையும் மலரும் செய்கிறவர்களுக்கோ இந்த 17கூடப் பற்றாது, ஏ4 தாளின் உயரம் 11.7 அங்குலம். அவர்கள் எடை குறைந்த 14 அங்குல லேப்டாப் ஒன்றை வெளியே எடுத்துப்போக வைத்துக்கொண்டு, மிச்சப் பணத்தில் வீட்டுக்கு 27 அங்குல 4கே மானிட்டர் வாங்கலாம். அதில் அங்குலத்துக்கு 163 பிக்சல், உயரம் 13 அங்குலத்துக்கு மேல். ஒரே யுஎஸ்பி-சி கேபிளில் படமும் மின்சாரமும் போகிற மானிட்டராகப் பார்த்து வாங்க வேண்டும்.