மணாலியில் வெள்ளை போர்டு காரை வாடகைக்கு எடுக்காதீர்கள்

இமயமலையில் இருக்கும் ஸ்பிதி பள்ளத்தாக்குக்குப் போகும் ஆசையில் மணாலியில் கார் எடுத்து, 20,000 ரூபாய் டெபாசிட்டைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். கடைப் பெயரைப் போட்டு வம்பை விலைக்கு வாங்க விருப்பமில்லை. ஏமாந்த விதத்தை மட்டும் சொல்கிறேன்.

போனில் ‘ஃபோர் பை ஃபோர்’, அதாவது நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டி என்றார்கள். நேரில் நின்றதோ சாதாரண வண்டி, அதுவும் வெள்ளை நம்பர் பிளேட். நாமே ஓட்டும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை என்றால் சொந்த உபயோகத்துக்கானது. அதை வாடகைக்கு எடுத்து ஏதாவது ஆனால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும். இதெல்லாம் தெரிந்தும், விடிவதற்குள் கிளம்பும் அவசரத்தில், இந்தியில் எழுதி நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டேன். மச்சான் அப்போதே முணுமுணுத்தான்.

அடல் சுரங்கப்பாதையைத் தாண்டி, ஸ்பிதி சாலை பிரியும் கிராம்ஃபூவில் திரும்பினோம். அப்புறம் சந்திரா நதியோரமாகக் கல்லும் ஜல்லியும்தான். இரண்டு பக்கமும் பனிமலை. குலுங்கிக் குலுங்கிப் போனாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் போனோம். சத்ரு, பாதல் என்ற இரண்டு இடங்களுக்கு நடுவில் டயர் போனது. ஸ்டெப்னியை எடுத்தால் மொட்டை. ஜாக்கியைக் காணோம். போனில் சிக்னல் இல்லை. ஒரு லாரிக்காரர் நிறுத்தி உதவும்வரை இரண்டு மணி நேரம் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம்.

அந்தத் தாமதம்தான் வினையானது. அங்கே பனி உருகி வரும் ஓடைகள் சாலை மேலேயே பாயும். காலையில் சாதுவாக இருக்கும். வெயில் ஏற ஏறத் தண்ணீரும் ஏறும். மத்தியானம் அப்படி ஓர் ஓடையில் இறங்கியபோது, தண்ணீருக்கடியில் கிடந்த பாறை கண்ணில் படவில்லை. ‘டங்’ என்றது. எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் சேம்பர் உடைந்து ஆயில் ஒழுகியது. ஸ்பிதிக்குள் நுழையும் 4,551 மீட்டர் உயரத்துக் குன்சும் கணவாய்க்குப் போகாமலே, பாதல் தாபாவில் குளிரில் ஓர் இரவைக் கழித்துவிட்டு, வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு திரும்பினோம்.

சேம்பருக்கு நான் கொடுப்பதாகத்தான் இருந்தேன். அவர்களோ பம்பரின் பழைய சொட்டை, கதவுக் கீறல் எல்லாவற்றையும் என் கணக்கில் எழுதினார்கள். வண்டியை எடுக்கும்போதே ஸ்டெப்னி, ஜாக்கி, கீறல் எல்லாவற்றையும், பக்கத்தில் கடைக்காரரை நிறுத்தி வீடியோ எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லை.

போலீசுக்குப் போவேன் என்றதும் முதலாளி அலட்டிக்கொள்ளாமல் அந்தத் தாளை நீட்டினார். பக்கத்துக் கடைப் பையன் படித்துச் சொன்னான்: ‘நண்பரின் காரை இரவலாக வாங்குகிறேன். சேதத்துக்கு நானே பொறுப்பு.’

மச்சான் இப்போதும் போன் செய்தால் முதலில், “உங்க நண்பர் சௌக்கியமா?” என்றுதான் கேட்கிறான்.