உவமை சொல்லிக்கொடுக்க எந்த வேதாகமம்: பழையதா, பொது மொழிபெயர்ப்பா?

குமரி மாவட்டத்தில் ஒரே வீட்டில் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) மாமியாரும் கத்தோலிக்க மருமகளும் இருப்பது புதிதல்ல. மாமியார் கையில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு, மருமகள் கையில் பொது மொழிபெயர்ப்பு. பிள்ளைக்கு எந்த வேதாகமத்தில் இயேசுவின் உவமைக் கதைகளைச் சொல்வது என்று அங்கேதான் குழப்பம் வரும். லூக்கா 15, 16 அதிகாரங்களை இரண்டிலும் வைத்துப் பார்த்தேன்.

சொல் புரிவது:
பழையது: உக்கிராணக்காரன், ஆயக்காரன். ஒவ்வொன்றுக்கும் நின்று விளக்க வேண்டும்.
1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு: வீட்டுப் பொறுப்பாளர், வரிதண்டுபவர். பாதி வேலை மிச்சம்.

பன்றித் தீனி:
கெட்டகுமாரன் உவமையில் சொத்தை அழித்துவிட்டுப் பன்றி மேய்க்கும் இளைய மகன், பசியில் ஆசைப்படுவது பழையதில் தவிட்டுக்கு; புதியதில் நெற்றுகளுக்கு. கிரேக்க மூலத்தில் இருப்பது கரோப் மரத்தின் காய் என்பதால் நெற்றுதான் நெருக்கம். ஆனால் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு நெற்று என்றால் தேங்காய்! "பன்றி தேங்காயா தின்னும்?" என்று என் வகுப்பில் ஒருவன் கேட்டே விட்டான். தவிடு என்றதும் முகம் சுளித்தான். அந்த இளைய மகன் விழுந்த பள்ளம் அவனுக்கு அப்போதுதான் புரிந்தது.

மரியாதை:
பழையது "இளையவன்" என்கிறது, புதியது "இளையவர்" என்கிறது. சொத்தை அழித்தவனுக்கு 'அர்' விகுதி எனக்கு ஒட்டவில்லை.

மனப்பாடம்:
பழையதே. அதன் ஓசை நாக்கில் நிற்கும்.

சரி, எதை எடுப்பது? பத்து வயதுக்குள் கதையாகச் சொல்ல, மறைக்கல்வி வகுப்புக்கு, புதியது. வசனப் போட்டிக்கும் பாட்டியோடு சேர்ந்து வாசிக்கவும் பழையது. கெட்டகுமாரன் கதைக்கு மட்டும் நான் இரண்டையும் விரித்து வைக்கிறேன்.